தைரொயிட்டு முடிச்சு: அறியும் முறையும் ஆளும் முறையும்

மனிதன் தன் உடம்பிற் காணும் கட்டிகளுள், கழுத்தின் முன்புறத்தே தோன்றும் கட்டியைப்போல் அச்சம் விளைப்பன சிலவே. அதனைக் கண்டவர் இரு வகையாக ஒழுகக் காண்கின்றோம். ஒரு சாரார், "இது புற்றுநோயே" எனத் துணிந்து, உணவும் உறக்கமும் துறந்து, அன்றே அறுத்தெறிய வேண்டுமென வைத்தியரை நெருக்குவர். மற்றொரு சாரார், "வலியில்லை, ஆதலின் நோயில்லை" எனத் தாமே தீர்ப்புக் கூறி ஆண்டுகளைக் கழிப்பர். இவ்விரு சாராரும் நெறி தவறியவரே. முன்னவர், வேண்டாத சத்திரசிகிச்சையால் தம் குரலையோ, ஒரு நல்ல சுரப்பியையோ இழத்தல் கூடும். பின்னவர், எளிதிலே தீர்க்கத்தக்க ஒரு நோயை முற்றவிட்டு உயிரையே பணயம் வைத்தல் கூடும். இவ்விரண்டிற்கும் இடையே நடுநிலையான ஒரு வழி உளது. அதனைப் படிப்படியாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இம்மலரை ஏந்தும் பழைய மாணவருட் பலர் நடுவயதைக் கடந்தவர். ஆசிரியரோ குரலையே கருவியாகக் கொண்டவர். மாணவருட் சிலர் நாளை வைத்தியராக வருபவர். மூவர்க்கும் இப்பொருள் பயன்படுமென நம்புகின்றோம்.

சுரப்பியின் இருப்பிடமும் தொழிலும்

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வாதனாளியின் முன்புறத்தைத் தழுவிக்கொண்டு, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல இருபுறமும் பரந்து கிடப்பது தைரொயிட்டுச் சுரப்பியாகும். வளர்ந்தோரிடத்து அதன் நிறை ஏறத்தாழ 15 முதல் 25 கிராம் வரையாம். 1656ஆம் ஆண்டிலே தோமசு உவாட்டன் என்னும் ஆங்கில வைத்தியர், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று இதற்குப் பெயரிட்டார். நாம் எச்சிலை விழுங்குந்தோறும் குரல்வளையோடு இதுவும் மேலெழுந்து கீழிறங்கும். கழுத்திலுள்ள ஒரு கட்டி விழுங்கும்போது மேலெழுமாயின், அது தைரொயிட்டைச் சார்ந்தது எனக் கருதுதற்கு அதுவே முதலடையாளம்.

இச்சுரப்பி அயடீனைக் குருதியினின்று பற்றித் தைரொட்சின் முதலிய ஓமோன்களை ஆக்குகின்றது. உடலின் வெப்பம், இதயத்தின் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகியன இவ்வோமோன்களைச் சார்ந்தன. சுரப்பியை ஏவுவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. அது ரி.எஸ்.எச். என்னும் ஏவலோமோனைக் குருதியிற் கலந்து, "இன்னும் சுரப்பாயாக" எனக் கட்டளையிடும். வயலிலே நீர் குறைந்தால் வாய்க்காலைத் திறந்தும், நீர் நிறைந்தால் அடைத்தும் காக்கும் உழவனைப் போன்றது கபச்சுரப்பி. தைரொட்சின் குறையின் ரி.எஸ்.எச். ஏறும், மிகின் இறங்கும். இந்தத் தலைகீழ் உறவை மாணவர் மனத்திற் பதித்துக்கொள்வாராக. பின்வரும் ஆராய்வில் முதற்படி இதன்மேலேயே அமைந்துளது.

இச்சுரப்பியின் பின்புறத்தே இரண்டு அருமையான அண்டையயலார் உளர். ஒன்று, குரல்நாண்களை இயக்கும் மீளும் குரல்வளை நரம்பு. பக்கத்திற்கொன்றாக இரண்டு உள. மற்றையது, குருதியிலுள்ள கல்சியத்தை ஆளும் பரதைரொயிட்டுச் சுரப்பிகள். இவை பெரும்பாலும் நான்கு. ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணியளவே. தைரொயிட்டை அறுக்கும் வைத்தியர் அஞ்சுவது இவ்விரண்டையுமே. நரம்பு ஊறுபடின் குரல் கம்மும். பரதைரொயிட்டுக்கள் ஊறுபடின் கல்சியம் குறைந்து, கைகால்கள் விறைத்து இழுக்கும்.

முன்னோர் கற்பித்த பாடங்கள்

சுவிற்சர்லாந்திலுள்ள பேண் நகரத்துச் சத்திரவைத்தியர் தியொடர் கொக்கர் கழலை அறுப்பதிலே தன்னிகரற்றவராய் விளங்கினார். தம் வாழ்நாளில் 5000இற்கு மேற்பட்ட தைரொயிட்டுச் சத்திரசிகிச்சைகளைச் செய்தார். அக்காலத்தே பலரை மாய்த்த இச்சிகிச்சையில் இறப்பை நூற்றுக்கு ஒன்றிலுங் குறைவாக்கினார். ஆயினும் சுரப்பி முழுவதையும் அகற்றப்பெற்றோர் நாளடைவில் முகம் வீங்கி, அறிவு மந்தித்து, உடல் குளிர்ந்து தளர்தலைக் கண்டு, 1883ஆம் ஆண்டில் அதனை உலகறிய எடுத்துரைத்தார். கை தேர்ந்த அறுவையாயினும், வேண்டியதற்குமேல் அறுப்பது தீங்கே என்பது அவர் தந்த பாடம். 1909ஆம் ஆண்டில் அவருக்கு நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

1891இல் ஆங்கில வைத்தியர் யோட்ச் மறே, ஆட்டின் தைரொயிட்டுச் சாற்றை ஊசிமூலம் ஏற்றி, சுரப்பி குன்றிய ஒருவரைத் தேற்றினார். 1895இல் செருமனியரான பௌமன் இச்சுரப்பியில் அயடீன் இருத்தலைக் கண்டார். 1914ஆம் ஆண்டு நத்தார் நாளன்று அமெரிக்கரான கெண்டல் தைரொட்சினைப் பிரித்தெடுத்தார். 1941இல் போசுற்றன் நகரிலே சோல் கேட்சு என்பவர், மிகையாகச் சுரக்கும் தைரொயிட்டுக்குக் கதிர்த்தொழிற்பாட்டு அயடீனை முதன்முறையாக மருந்தாக்கினார்.

ஒரு கல்லூரி மலரிலே சிறப்பாக நினைக்கத்தக்கது பாடசாலையொன்றிலே பிறந்த ஆராய்ச்சியாகும். 1917ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்து அக்கிரன் நகரப் பாடசாலை மாணவியரை டேவிட் மரீன், கிம்பல் என்னும் இருவரும் ஆராயத் தொடங்கினர். அயடீன் உப்பு பெற்ற 2190 மாணவியருள் ஐவர்க்கே சுரப்பி பெருத்தது. பெறாத 2305 மாணவியருள் 495 பேருக்குப் பெருத்தது. இதன்பின் சுவிற்சர்லாந்து 1922இலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1924இலும் உணவுப்பில் அயடீனைச் சேர்க்கத் தொடங்கின.

நம் நாட்டிலே தென்மேற்கு ஈரவலயத்தில் கழலை நெடுங்காலமாக மலிந்திருந்தது. வரண்ட வலயத்திற் குறைவாயிருந்தது. 1995ஆம் ஆண்டு முதலாக உணவுப்பிற்கு அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. "நாம் கடற்கரையில் வாழ்பவர், கடலுப்பை உண்பவர், நமக்கு அயடீன் எதற்கு?" என வினவுவாரும் உளர். கடல்மீனில் அயடீன் உண்டு. ஆனால், கடல்நீரைக் காய்ச்சி எடுத்த வெற்றுப்பில் அஃது உடலுக்குப் போதிய அளவில் எஞ்சுவதில்லை. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராமும், கருவுற்றோர்க்கு 250 மைக்கிரோகிராமும் வேண்டப்படும். அதனை நாடோறும் தருவது அயடீன் சேர்த்த உப்பே. அதே வேளை, அயடீன் போதிய நாடுகளிலும் முடிச்சுகள் தோன்றுதலின், ஏற்கெனவே தோன்றிய முடிச்சை மிகுதியான உப்பால் கரைக்கலாமென எண்ணுதல் தவறு.

முடிச்சு என்பது யாது?

சுரப்பி முழுவதும் பருத்தலைக் கழலை என்கின்றோம். சுரப்பியின் ஒரு பாகம் மட்டும் சூழவுள்ள இழையத்தினின்று வேறுபட்டுத் திரளுமாயின் அது முடிச்சு எனப்படும். கழலையினுள்ளே பல முடிச்சுகள் இருத்தலும் உண்டு. கையால் தடவிக் காணத்தக்க முடிச்சு வளர்ந்தோர் நூற்றுவருள் நால்வர் முதல் எழுவர் வரையில் உண்டு. கழியொலிக் கருவியாற் பார்ப்பின் தொகை பன்மடங்கு பெருகும். நூற்றுக்கு ஐம்பதையும் கடந்த ஆராய்ச்சிகள் உள. வயது ஏற ஏற மிகும். ஆடவரினும் பெண்டிரிடத்தே பெரிதும் காணப்படும்.

இவற்றுள்ளே புற்று எத்தனை? வைத்தியரால் ஆராயப்படும் முடிச்சுகளுள் நூற்றுக்கு 7 முதல் 15 வரை புற்றாகலாம் என அமெரிக்கத் தைரொயிட்டுச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு நெறிநூல் கூறுகின்றது. எஞ்சியவை ஊறு செய்யாதன: கூழ்ப்பொருள் தேங்கிய முடிச்சுகள், நீர்க்கட்டிகள், 1912இல் யப்பானியரான அசிமோட்டோ விளக்கிய அழற்சியால் எழுந்த திரட்சிகள், தீங்கற்ற கட்டிகள் என்பன. ஆதலின் வைத்தியரின் வினா, "முடிச்சு உண்டா?" என்பதன்று, "இம்முடிச்சு அஞ்சத்தக்க சிலவற்றுள் ஒன்றா?" என்பதே. இவ்வினாவிற்கு விடை காண நான்கு படிகள் உள.

முதற்படி: வினாவலும் தொட்டறிதலும்

கருவிகளை நாடுமுன் வைத்தியர் வாயால் வினாவ வேண்டும். இளமையிலே கழுத்திற்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றாரா? 1986ஆம் ஆண்டில் செர்னோபில் அணுவுலை வெடித்தபின் கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் கலந்த பாலை அருந்திய சிறுவரிடையே தைரொயிட்டுப் புற்று பெருகியமை, கதிர் இளஞ்சுரப்பிக்கு எத்துணைப் பகை என்பதைக் காட்டும். குடும்பத்தில் எவர்க்கேனும் இப்புற்று இருந்ததா? கட்டி சில வாரங்களிலே விரைந்து வளர்ந்ததா? குரல் கம்மி மாறாது நிற்கின்றதா? விழுங்குதலோ மூச்சோ தடைப்படுகின்றதா?

பின்னர்க் கையால் தொட்டறிதல் வேண்டும். கல்லைப்போல் இறுகி, அசையாது பற்றி நிற்கும் முடிச்சும், கழுத்தின் பக்கத்தே திரண்ட நிணநீர்க் கணுக்களும் ஐயத்தை மிகுவிக்கும். ஆடவரிடத்தும், இருபதுக்குட்பட்ட இளையோரிடத்தும், முதியோரிடத்தும் தோன்றும் முடிச்சைக் கூடிய கவனத்தோடு நோக்குவர். சிறுவர்க்கு முடிச்சு அரிது. ஆயின், தோன்றியவற்றுள் ஏறத்தாழ நாலிலொன்று புற்றாகலாம். வலியின்மை நன்மைக்கு அடையாளமன்று. திடீரென வலித்து வீங்கும் முடிச்சு பெரும்பாலும் உள்ளே குருதி கசிந்த நீர்க்கட்டியே. புற்றோ பெரும்பாலும் வலியின்றி வளர்வது.

இரண்டாம் படி: குருதியில் ஏவலோமோன்

முடிச்சுடையார் அனைவர்க்கும் ரி.எஸ்.எச். அளவிடுதல் வேண்டும். அது குறைந்திருப்பின், முடிச்சு கபச்சுரப்பியின் ஏவலுக்குக் கீழ்ப்படியாது தன்னிச்சையாகச் சுரக்கின்றதோ என ஐயுறல் வேண்டும். அதனை உறுதிசெய்யக் கதிர்த்தொழிற்பாட்டுப் படம் எடுப்பர். அப்பொருளை முடிச்சு மிகுதியாகப் பற்றிக்கொள்ளின் அஃது "வெம்முடிச்சு" எனப்படும். வளர்ந்தோரிடத்து வெம்முடிச்சு புற்றாதல் மிக அரிது. ஆதலால் அதற்குப் பெரும்பாலும் ஊசிச்சோதனை வேண்டியதில்லை. இப்படத்தைக் கருவுற்றோர்க்கு எடுத்தல் ஆகாது. ரி.எஸ்.எச். இயல்பாகவோ மிகுந்தோ இருப்பின் கதிர்ப்படத்தாற் பயனில்லை. கழியொலிச் சோதனையே வழிகாட்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. முடிவளர்ச்சிக்கென விற்கப்படும் பயோற்றின் மாத்திரைகளை மிகுதியாக உட்கொள்வோரிடத்துச் சில குருதிச் சோதனைகள் பொய்யான அளவைக் காட்டக்கூடும். சோதனைக்கு இரண்டு நாள் முன்னரே அவற்றை நிறுத்துதல் நன்று.

மூன்றாம் படி: கழியொலிச் சோதனை

செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி, மீளும் எதிரொலியினின்று உருவம் காண்பதே கழியொலிச் சோதனை. மக்கள் இதனை "ஸ்கான்" என்பர். இதிற் கதிர்வீச்சு இல்லை, கருவுற்றோர்க்கும் தீங்கில்லை. முடிச்சின் அளவைமட்டுமன்றிக் குணத்தையும் இது காட்டும்.

2017ஆம் ஆண்டில் அமெரிக்கக் கதிரியற் கல்லூரி வெளியிட்ட முறையிலே ஐந்து இயல்புகளுக்குப் புள்ளிகள் வழங்கப்படும். முதலாவது அமைப்பு: நீர் நிறைந்ததற்கும் பஞ்சு போன்றதற்கும் புள்ளியில்லை, நீரும் திண்மமும் கலந்ததற்கு ஒன்று, முற்றுந் திண்மமாயதற்கு இரண்டு. இரண்டாவது எதிரொலி: படத்திற் கருமை மிகும் அளவிற்குப் புள்ளி மூன்றுவரை ஏறும். மூன்றாவது வடிவம்: அகலத்தினும் உயரம் மிக்கதாயின் மூன்று. நான்காவது விளிம்பு: கரடுமுரடாயின் இரண்டு, சுரப்பியைக் கடந்து வெளியே பரவின் மூன்று. ஐந்தாவது சுண்ணப் படிவு: நுண்ணிய வெண்புள்ளிகளாயின் மூன்று.

புள்ளிகளைக் கூட்டி ஐந்து வகுப்புகளாகப் பிரிப்பர். முதலிரு வகுப்புகளுக்கு ஊசி வேண்டியதில்லை. மூன்று புள்ளி பெற்றது மூன்றாம் வகுப்பு, 2.5 சதமமீற்றரை எட்டினாலே ஊசிச்சோதனை. நான்கு முதல் ஆறு வரை பெற்றது நான்காம் வகுப்பு, 1.5 சதமமீற்றரை எட்டின் ஊசி. ஏழும் அதற்கு மேலும் பெற்றது ஐந்தாம் வகுப்பு. ஒரு சதமமீற்றரிலேயே ஊசி. இவ்வளவுகளுக்குச் சற்றுக் குறைந்தவற்றைக் குறித்த காலங்களில் மீண்டும் படம் எடுத்துக் காவல் செய்வர். ஆகவே, பெரியதெல்லாம் தீயதன்று, சிறியதெல்லாம் நல்லதுமன்று. முடிச்சின் குணமும் அளவும் சேர்ந்தே தீர்ப்பளிக்கின்றன.

நான்காம் படி: நுண்ணூசிச் சோதனை

குருதி எடுக்கும் ஊசியினும் மெல்லிய ஊசியை, கழியொலிப் படத்தைப் பார்த்தவாறே முடிச்சினுட் செலுத்திச் சில கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்வது இது. சில நிமிடங்களில் முடியும்; வைத்தியசாலையிலே தங்கவேண்டியதில்லை. ஊசி குத்தினாற் புற்று பரவும் என நம்மவரிடையே வழங்கும் அச்சத்தால் பலர் இதனை மறுக்கின்றனர். ஊசி சென்ற வழியிலே கலங்கள் பதிதல் மிகமிக அரிது. சோதனையை மறுத்தலால் வரும் தீங்கோ பெரிது.

விடைகளை ஆறு வகையாக வகுக்கும் முறை, அமெரிக்காவின் பெதெசுடா நகரிலே 2007ஆம் ஆண்டிற் கூடிய அறிஞர் மாநாட்டினின்று பிறந்து, அவ்வூரின் பெயரையே பெற்றது. 2017இலும் 2023இலும் திருத்தப்பட்டது. 2023ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, வளர்ந்தோரிடத்துப் புற்றாதற்குரிய சராசரி வாய்ப்பு வருமாறு: போதிய கலங்கள் கிட்டாத முதல் வகைக்கு நூற்றுக்கு 13, தீங்கற்ற இரண்டாம் வகைக்கு 4, தெளிவற்ற மூன்றாம் வகைக்கு 22, நுண்பைக் கட்டி எனப்படும் நான்காம் வகைக்கு 30, புற்றென ஐயுறும் ஐந்தாம் வகைக்கு 74, புற்றான ஆறாம் வகைக்கு 97. இவ்வெண்கள் பெரும்பாலும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டோரிடையே கணக்கிடப்பட்டன. அறுக்கப்படாத தீங்கற்ற முடிச்சுகள் மிகப் பல ஆதலின், இரண்டாம் வகையின் உண்மையான ஆபத்து இதனினும் குறைவாகலாம்.

முதல் வகை வந்தால் "புற்றில்லை" என மகிழ்தல் பேதைமை. விடை வரவில்லை என்பதே அதன் பொருள். மீண்டும் ஊசி செலுத்தல் வேண்டும். நான்காம் வகையின் இடர்ப்பாட்டை மாணவர் கூர்ந்து நோக்குக. நுண்பைப் புற்றின் கலங்களும் தீங்கற்ற நுண்பைக் கட்டியின் கலங்களும் தோற்றத்தில் ஒன்றே. கட்டியின் உறையையோ குருதிக் குழாய்களையோ கலங்கள் துளைத்துச் சென்றனவா என்பதே இரண்டிற்கும் வேறுபாடு. வேலியை ஆடு கடந்ததா என்பதை அறிய வேலி முழுவதையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். ஆட்டின் மயிரொன்றைக் கையிலெடுத்துப் பார்த்து அறிய இயலாது. அதுபோலவே முடிச்சு முழுவதையும் எடுத்து ஆராய்ந்தாலன்றி இவ்வகையிலே முடிவு கூறல் அரிது. கலங்களின் மரபணு மாற்றங்களை ஆராயும் சோதனைகள் சில நாடுகளில் இவ்விடர்ப்பாட்டைக் குறைத்துள்ளன.

ஆளும் முறை

தீங்கற்றதென உறுதியான முடிச்சிற்குச் சிறந்த மருந்து காவலே. தைரொட்சின் மாத்திரை கொடுத்து அதனைச் சுருக்கும் பழைய வழக்கத்தை, பயன் சிறிதாயும் இதயத்திற்கும் எலும்பிற்கும் வரும் ஊறு பெரிதாயும் இருத்தலின், அயடீன் போதிய நாடுகளிற் பொதுவாகக் கைவிட்டுள்ளனர். நீர்க்கட்டியின் நீரை ஊசியால் அகற்றலாம். மீண்டும் மீண்டும் நிரம்பின் அற்ககோலைச் செலுத்திச் சுருங்கச் செய்யலாம். மூச்சையோ உணவையோ தடுக்கும் பெரிய முடிச்சிற்குச் சத்திரசிகிச்சை தகும். தகுதியுடைய சிலர்க்கு மின்னலை வெப்பத்தாற் சுடுமுறையும் உண்டு.

மிகையாகச் சுரக்கும் வெம்முடிச்சிற்குக் கதிர்த்தொழிற்பாட்டு அயடீனோ சத்திரசிகிச்சையோ முடிவான தீர்வு. மருந்துகள் சுரப்பை அடக்குமேயன்றி முடிச்சை அகற்றமாட்டா. முதியோரிடத்து இதனை அசட்டை செய்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு குலையவும், எலும்பு தேயவும் கூடும்.

புற்றென உறுதியாயினும் நம்பிக்கை இழத்தற்கு இடமில்லை. பத்திலே எட்டுக்கு மேற்பட்டவை பப்பிலரி வகையைச் சார்ந்தவை. இவை மெல்ல வளர்பவை. 2018 முதல் வழங்கும் நிலைப்பகுப்பின்படி, 55 வயதிற்குட்பட்டோரிடத்துப் பப்பிலரி, நுண்பை வகைப் புற்றுகள் சேய்மையான உறுப்புகளுக்குப் பரவினும் இரண்டாம் நிலையைக் கடப்பதில்லை. மெடுல்லரி வகை சுரப்பியின் வேறு கலங்களினின்று எழுவது. சில குடும்பங்களில் வழிவழி வருவது. ஆதலால் உறவினரையும் ஆராய்தல் கடன். அனப்பிளாத்திக்கு வகை அரிது, பெரும்பாலும் முதியோர்க்கே வருவது, மிகக் கொடிது. நான்கு சதமமீற்றருக்கு உட்பட்டு, வெளியே பரவாத பப்பிலரிப் புற்றுப் பலவற்றிற்குச் சுரப்பியின் ஒரு பாதியை மட்டும் அகற்றினாலே போதும். முழுவதும் அகற்றப்பெற்றவர் வாழ்நாள் முழுதும் தைரொட்சின் மாத்திரை உட்கொள்ளல் வேண்டும்: காலையில் வெறுவயிற்றிலே, உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி முன்னர், இரும்பு, கல்சிய மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி இடையிட்டு.

மிகையான ஆராய்வின் கேடு

"அங்ஙனமாயின், எல்லோரும் ஸ்கான் எடுத்துப் பார்த்துவிடலாமே" என ஒருவர் வினாவலாம். இதற்குத் தென் கொரிய நாடு விடை தந்துளது. அங்கே 1999ஆம் ஆண்டில் தேசியப் புற்றுநோய்த் தேடல் தொடங்கியது. தைரொயிட்டு அதிற் சேர்ந்ததன்று. ஆயினும் சிறு கட்டணத்திற் கழியொலிச் சோதனையும் உடன்செய்யப்பட்டது. 2011இலே கண்டறியப்பட்ட தைரொயிட்டுப் புற்றின் வீதம் 1993இல் இருந்ததைப்போல் ஏறத்தாழ 15 மடங்காயிற்று. இறப்பு வீதமோ மாறவில்லை. அஃதாவது, உயிருக்கு ஊறு செய்யாது கிடந்திருக்கக்கூடிய நுண்புற்றுகளே பெருந்தொகையாகக் கண்டெடுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்தனர். அவருட் சிலர் குரலையும் கல்சியச் சமநிலையையும் இழந்தனர். 2017இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு, அறிகுறியற்ற வளர்ந்தோரைத் தேடிச் சோதித்தல் வேண்டாவெனப் பரிந்துரைத்தது.

யப்பானிலே கோபே நகரத்துக் குமா வைத்தியசாலையில், மியாவுச்சி என்னும் சத்திரவைத்தியரின் கருத்துப்படி, 1993 முதல் ஒரு சதமமீற்றருக்கு உட்பட்ட, ஆபத்துக் குறைந்த பப்பிலரிப் புற்றுடையாரை அறுக்காது காவல் செய்து வந்தனர். 1235 பேரைப் பற்றி 2014இல் வெளிவந்த அறிக்கையின்படி, பத்தாண்டுகளில் மூன்று மில்லிமீற்றர் வளர்ந்தவை நூற்றுக்கு எட்டு; நிணநீர்க் கணுவிற் பரவியவை நூற்றுக்கு நான்கிலுஞ் சற்றுக் குறைவு. வளர்ந்தபின் அறுத்தோரும் நலமுற்றனர். 2016ஆம் ஆண்டில், உறைக்குள் அடங்கிய ஒரு வகைக் கட்டியின் பெயரினின்று "புற்று" என்னும் சொல்லையே அறிஞர் நீக்கினர். சொல்லொன்று மாறியதால் வேண்டாத சிகிச்சையும் அச்சமும் பலர்க்கு நீங்கின.

மூவரை எண்ணிப் பார்ப்போம்

கற்றதைப் பயிற்சியாற் சோதித்தல் மாணவர்க்கு மரபு. மூவரைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாமவர், 45 வயதுடைய ஓர் இல்லத்தரசி. வேறொரு காரணத்தால் எடுத்த படத்திலே 1.2 சதமமீற்றர் முடிச்சு காணப்படுகின்றது, பஞ்சு போன்றது, ரி.எஸ்.எச். இயல்பானது. புள்ளி யாதுமில்லை, முதல் வகுப்பு. ஊசியும் வேண்டா, அறுவையும் வேண்டா. அவர்க்கு வேண்டுவது தெளிவான ஆறுதல் மொழியே.

இரண்டாமவர், 58 வயதுடைய ஓர் ஆசிரியர். உடல் மெலிந்து, நெஞ்சு படபடக்க, கழுத்தில் 3 சதமமீற்றர் முடிச்சுடையர். ரி.எஸ்.எச். மிகக் குறைந்துளது, கதிர்ப்படத்தில் முடிச்சு வெம்முடிச்சு. முடிச்சு பெரிதாயினும் ஊசி வேண்டா. மிகையான சுரப்பைத் தீர்த்து இதயத்தைக் காத்தலே சிகிச்சை.

மூன்றாமவன், 17 வயது மாணவன். வலியில்லாத 1.4 சதமமீற்றர் முடிச்சு; பக்கத்தே ஒரு நிணநீர்க் கணுவும் திரண்டுளது. முற்றுந் திண்மம், இரண்டு, கருமை, இரண்டு, கரடுமுரடான விளிம்பு, இரண்டு, நுண்ணிய வெண்புள்ளிகள், மூன்று, ஆக ஒன்பது. புள்ளிமுறை வளர்ந்தோர்க்கென வகுக்கப்பட்டதாயினும், இளமையும் நிணநீர்க் கணுவும் ஐயத்தைப் பின்னும் மிகுவிக்கின்றன. பரீட்சை முடியட்டும் என மாதங்களைக் கழித்தல் தகாது. முடிச்சிலும் கணுவிலும் ஊசிச்சோதனை உடனே செய்தல் வேண்டும். புற்றென விடை வரினும், தக்க சத்திரசிகிச்சையின்பின் அவன் நெடுங்காலம் வாழ்வான் என நம்ப இடமுண்டு.

மூவருள் மிகப் பெரிய முடிச்சுடையவர்க்கு ஊசியே வேண்டியதில்லை. உடனே ஊசி வேண்டியவன் வலியேதும் அறியாத இளைஞன். கையால் தடவி அளவை மட்டும் நோக்கியிருப்பின் மூவரிடத்தும் பிழைத்திருப்போம்.

முடிவுரை

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுத்தார். இந்நோயில் மருத்துவன் கடன், படி தவறாது ஆராய்தலும் வேண்டியதற்குமேல் அறுக்காமையும். நோயுற்றவர் கடன், மறைக்காமையும் காவற் காலத்தைத் தவறவிடாமையும். பழைய படங்களையும் அறிக்கைகளையும் பேணி வைத்துச் சோதனைதோறும் கொண்டுசெல்க. முடிச்சு வளர்ந்ததா என்பதை ஒப்புநோக்கினாலன்றி அறியமுடியாது. அறுவை வேண்டுமெனக் கூறப்பட்டால், ஊசிச்சோதனையின் வகை யாது, பாதி போதுமா, முழுவதும் வேண்டுமா, குரல்நாண்கள் முன்னரே பார்க்கப்பட்டனவா என வினவத் தயங்கற்க. இச்சிகிச்சையை அடிக்கடி செய்து பழகிய கையை நாடுக. பேணுவோர் கடன், அச்சத்தை வளர்க்காமையும், "ஒன்றுமில்லை" எனக் கூறி நாட்கடத்தாமையும்.

மாறாத குரற்கம்மலும், விரைந்து வளரும் கட்டியும், இளையோர் கழுத்திற் காணும் முடிச்சும் எவர்க்கேனும் தோன்றுமாயின் அவ்வாரத்திலேயே வைத்தியரைக் காண்க. ஏனைய முடிச்சுகளையும் ஒருமுறை முறைப்படி ஆராய்வித்து, வைத்தியர் காவலே போதுமென்பாராயின் அமைதியோடு தம் தொழிலைத் தொடர்க.